விலாவில் நின்ற அணை

மூன்று கோடி கன அடித் தண்ணீரை ஒரு மத்தியானம் முழுக்க என் இடப்பக்க விலா எலும்பால் தடுத்து நிறுத்தியவன் நான். இன்னொரு கோடி சேர்ந்து வந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அன்றைக்குக் காலையில் நாலே இட்லிதான் சாப்பிட்டிருந்தேன், அதுதான் குறை.

இதை டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டே சொல்லியிருக்கிறேன். வெளியூர்க்காரன் எவனும் நம்பியது கிடையாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் நம்புவார்கள். அவர்கள் அன்றைக்கு அங்கே இருந்தார்கள். அங்கே இருந்தும் நம்பாத ஒரே ஆள் என் பெண்டாட்டியின் அண்ணன் காளிராசு. "எங்க மாப்ள வாயாலயே வடை சுடுவாரு, எண்ணெய்கூட வேண்டாம்" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்தக் கரையைக் கடப்பாறையால் குத்தியவனே அவன்தான் என்பதால் அவன் பேச்சுக்கு மதிப்பு வேறு.

சுனையாண்டி அணை என்றதும் காங்கிரீட் கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். மலையடிவாரத்தில் ஓடையை மறித்துப் போட்ட மண் கரை. அறுநூறு மீட்டர் நீளம், ஏழு ஆள் உயரம். தண்ணீர்ப் பக்கம் கல் பாவியிருக்கும், மறுபக்கம் புல். வடக்குக் கோடியில் கலிங்கு. அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து வெளியேறுகிற இடம். தண்ணீர் தேங்கும் ஓரத்தில், மேட்டில், மேலச்சுனை. கரைக்கு நேர் கீழே கீழச்சுனை, நானூறு வீடு. அதில் ஒன்று என்னுடையது. நான் அங்கே லஸ்கர். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் முள் வெட்டுவது, பெரிய அதிகாரி வந்தால் இளநீர் வெட்டுவது. இவ்வளவுதான் வேலை, இரண்டாயிரத்து நாற்பத்தொன்று வரைக்கும்.

அந்த வருஷம்தான் உதவிப் பொறியாளராக நவமணி மேடம் வந்தார். இருபத்தாறு வயது, கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கடுகளவு ஒரு சில்லு.

"தவசி அண்ணே, இதை உங்க தோள்பட்டைத் தோலுக்கு அடியில வைக்கணும்" என்றார்.

"எனக்கா? கரைக்குத்தான மேடம் வைத்தியம்?"

"கரைக்கு நூல் வெச்சாச்சு. உள்ளுக்குள்ள சாணுக்கு ஒண்ணு. வேர் மாதிரி அதுவாவே வளரும். ஈரம் தட்டுனா சுருங்கும். எந்த நூல் சுருங்குதோ அது உங்க உடம்புல அதே இடத்துல வலியா வரும்."

"ஏன் மேடம், ஒரு மணி அடிக்கிற மாதிரி வெச்சா ஆகாதா?"

"வெச்சோமே! ஆடு நடந்தாலும் அடிச்சுது, மாடு நடந்தாலும் அடிச்சுது. ரெண்டாவது மாசம் ஆளுங்க ஒயரைப் புடுங்கிட்டாங்க. புடுங்காத ஊர்ல ஒரு கரை உடைஞ்சப்ப மணி ஆறு மணி நேரம் அடிச்சிருக்கு. மூணு பேர் அதைக் கேட்டுக்கிட்டே சீட்டு ஆடியிருக்காங்க." பெட்டியை மூடினார். "காதுக்கு வந்தா மனுஷன் கேக்க மாட்டான் அண்ணே. உடம்புக்கு வந்தா கேட்டுத்தான் ஆகணும்."

"அப்ப எனக்கு வலிச்சா கரைக்கும் வலிக்குமா?"

"அதெல்லாம் இல்ல. அங்கேருந்து இங்க மட்டுந்தான். ஒருவழிப் பாதை."

கையெழுத்துப் போட்டேன். வலி விடுப்பு என்று வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் உண்டு என்று விதியில் எழுதியிருந்தது. கரைக்கு விடுப்பு கிடையாது என்பதால் ஒரு நாள்கூட எடுக்க முடியவில்லை.

தெற்குக் கோடி என் இடது விலா. மதகு தொப்புள். கலிங்கு வலது முழங்கால். நண்டு வளை போட்டால் இடுப்பு அரிக்கும். ஆடு நடந்தால் கூசும். கரை மேல் எவன் ஒன்றுக்குப் போனாலும் எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் என்னைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சரக்கு லாரி ஒன்று கரை மேல் ஏறியபோது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டோடு குப்புற விழுந்தேன். என் பெண்டாட்டி முத்துப்பேச்சி, "கவர்மெண்டுக்கு உங்களைத் தத்துக் குடுத்துட்டேன்போல" என்றாள்.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. அணை நிறைந்தால் சுகமாக இருக்கும். சும்மா சுகமில்லை, ஆட்டுக்கறி விருந்து முடித்து வெற்றிலை போட்டுச் சாய்ந்த சுகம். முழு அளவுக்கு மேல் ஒரு அடி ஏறினால் சொர்க்கம். வருஷா வருஷம் கார்த்திகையில் கீழச்சுனை ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அணைத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்கள், தலைவர் ராக்கப்பன் தலைமையில், கலிங்கு மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். வழிந்து போகிற தண்ணீரை ஒரு அடி கூடுதலாகத் தேக்கினால் கோடை நெல்லுக்கு ஆகும். அந்த ஒரு அடி மேலச்சுனைக்காரர்களின் வயலுக்குள் போய் நிற்கும். மூட்டையை அகற்ற வேண்டியது என் வேலை. நானோ வயிறு நிறைந்த மலைப்பாம்பு மாதிரிக் கிடந்தேன். மேடம் வந்து கேட்டால், "எடுத்தாச்சு மேடம்" என்பேன்.

நாற்பத்துநாலாம் வருஷம் கார்த்திகையில் ஒன்பது நாள் மழை விடவில்லை. பத்தாம் நாள் முற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. நான் தெற்குக் கோடியில் நின்றிருந்தேன். கிழக்கே மேடத்தின் ஜீப் வருகிற சத்தம். மேற்கே காளிராசு வருகிற சத்தம். கூட அவன் ஊர் மேலச்சுனை ஆட்கள் முப்பது பேர், கையில் கடப்பாறை, மண்வெட்டி.

"மாப்ள, தள்ளு" என்றான்.

"மச்சான், பேசிக்கலாம்."

"பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சு. மூட்டையை எடுன்னு நாலு தடவ வந்தேன். எழுதிக் குடுன்ன. எழுதிக் குடுத்தேன். இப்ப வந்து பாரு, கதிர் விடப்போற நெல்லுக்குள்ள கெண்டை மீன் குடும்பம் நடத்துது."

"இன்னைக்கே எடுத்துடறேன், என் மேல சத்தியம்."

"உன் மேலயா? வேற நல்ல சாமி இல்லையா?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இங்க ஒரு முழம் வெட்டுனா தண்ணி பழைய ஓடையில போயிரும். கீழச்சுனைக்குள்ள ஒரு சொட்டு போகாது. என் தங்கச்சி இருக்கிற ஊரை நான் அழிப்பனா?"

"வெட்டாதீங்க மச்சான். கரையைக் குத்துனா எனக்கு..."

"ஆமா, உனக்கு வலிக்கும். ஆடு நடந்தா கூசுதுன்னு என் வீட்டு நடுவுல நெளிஞ்சு காட்டுனவன்தான நீ? சம்பளத்துக்கு நடிக்கிறவன் கொஞ்சம் ஒதுங்கி நின்னு நடி."

கடப்பாறையை ஓங்கினான். தண்ணீர் விளிம்புக்குச் சற்றுக் கீழே, பாவியிருந்த கல்லுக்கு நடுவே இறக்கினான்.

உங்களை யாராவது கடப்பாறையால் குத்தியிருக்கிறார்களா? வேண்டாம், அந்த அனுபவம் எனக்கு மட்டும் இருக்கட்டும். என் சட்டையில் கிழிசல் இல்லை, தோலில் கீறல் இல்லை. உள்ளே ஒரு எலும்பு காய்ந்த வேப்பங்குச்சி மாதிரி முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் போட்ட அலறலில் கீழச்சுனையில் கோழிகள் கூரை ஏறின என்று சொல்வார்கள்.

"அடேங்கப்பா" என்றான் காளிராசு. "இவனை சினிமாவுக்கு அனுப்பியிருக்கணும்." இரண்டாம் குத்து. மூன்றாவது.

என் அலறலைக் கேட்டு ராக்கப்பன் ஆட்களோடு மேலே ஏறி வந்தார். நூறு பேர் இருக்கும். அரிவாள், கம்பு, பம்பு செட்டின் இரும்புக் குழாய், கையில் கிடைத்ததெல்லாம். முதலில் ஒரு கல் பறந்தது. அது காளிராசுக்குப் பக்கத்தில் நின்றவனின் வாயில் பட்டு, நாலு பல்லோடு அவன் உட்கார்ந்தான். அடுத்து மண்வெட்டி ஒன்று ராக்கப்பனின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, அவர் எதிரில் நின்ற தம் தம்பியையே குழாயால் அடித்துக் கீழே தள்ளினார். ஒருவனின் காது அரிவாள் நுனியில் போனது. பிறகு தேடினார்கள், அகப்படவில்லை. இரண்டு பேர் கட்டிப் புரண்டு, கல் பாவிய சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்து, விழுந்த இடத்திலும் ஒருவன் தலையை ஒருவன் அமுக்கினான். மண்டை உடைந்தது முப்பத்தேழு பேருக்கு. ஆஸ்பத்திரியில் பதினொன்று என்று எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எண்ணத் தெரியாது.

எவன் எவனை அடித்தாலும் விழுந்தது கரை மேல்தான். கரை மேல் விழுந்ததெல்லாம் என் மேல் விழுந்தது. நூற்றிமுப்பது பேர் என் நெஞ்சில் ஏறி நின்று சண்டை போட்டார்கள். நான் மண்ணில் கிடந்து ரத்தமாக இருமினேன்.

நவமணி மேடம் ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். "அண்ணே, தொடர்பைத் துண்டிச்சிடறேன்! செத்துடுவீங்க!"

"இருங்க" என்றேன். ஏனென்றால் அந்த நேரம் வலி நின்றுவிட்டது.

நிற்கக் கூடாத வலி அது. வலி இருந்த இடத்தில் சில்லென்று ஒரு நூல். நெஞ்சில் நுழைந்து முதுகு வழியாக வெளியே போகிற நூல்.

"மேடம், தண்ணி உள்ள பூந்துருச்சு. கீழ் அடிவாரத்துல பாருங்க."

அவர் சரிவில் சறுக்கி இறங்கினார். "ஊத்து விடுது அண்ணே! தெளிவாத்தான் வருது!"

"பாத்துக்கிட்டே இருங்க."

கொஞ்ச நேரம்தான். "கலங்கல்!" என்று கத்தினார்.  "செம்மண் கலங்கல் வருது!"

தெளிந்த தண்ணீர் என்றால் கரை வியர்க்கிறது. கலங்கல் என்றால் கரையின் உள்மண் கரைந்து வெளியே போகிறது. எப்போதோ வெட்டிய கருவேலத்தின் வேர் உள்ளே மட்கிக் குழாயாகக் கிடந்திருக்கிறது. கடப்பாறை நேராக அதன் வாயைத் திறந்துவிட்டது. விரல் பருமன் ஓட்டை கை பருமன் ஆகும், பானை பருமன் ஆகும், அப்புறம் கரையே இருக்காது. கீழே நானூறு வீடு. சண்டைக்காரர்களுக்கு அது எதுவும் தெரியவில்லை. வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அப்போது முத்துப்பேச்சி வந்தாள். எப்படி ஏறினாள் என்று தெரியாது. நடுவில் புகுந்து, அண்ணன் கையிலிருந்த கடப்பாறையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்து, அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அந்த அறை எனக்கும் கேட்டது.

"கீழ பாருண்ணே! என் வீட்டுக்கு மேல செவப்பா வருது பாரு!"

காளிராசு பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். அரிவாள்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"வாயை அடைக்கணும்" என்று மேடம் கீழேயிருந்து கத்தினார். "தண்ணிப் பக்கத்து வாயை! மணல் மூட்டை வேணும், மூட்டை எங்க?"

 ராக்கப்பன் நெற்றியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கலிங்குல இருக்கு மேடம்" என்றேன். "நான் எடுக்கவே இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்குக் காளிராசின் கடப்பாறையே தேவலை.

கலிங்கிலிருந்து தெற்குக் கோடி வரை ஆள் வரிசை நின்றது. உதடு கிழிந்தவன் கொடுக்க, அதைக் கிழித்தவன் வாங்கினான். வாங்கும்போதும் "உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்டா" என்றுதான் சொன்னான். ஒரு மூட்டை கைமாறுகிற சாக்கில் ஒருத்தன் கால் விரல் மேல் விழுந்தது, வேண்டுமென்றேதான். ஆனால் மூட்டை வந்தது. தண்ணீருக்கு அடியில் ஓட்டையின் வாய் எங்கே என்று எவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். "இன்னும் தெக்கே... ஒரு அடி... அதுக்குக் கீழ" என்று மண்ணில் படுத்தபடி என் விலாவைத் தடவித் தடவிச் சொன்னேன். போட்ட மூட்டையைத் தண்ணீர் புரட்டித் தள்ளியது.

"கயிறு கட்டு" என்றான் காளிராசு தங்கையிடம். "நான் திறந்த வாய், நானே அடைக்கிறேன்."

இடுப்பில் கயிற்றோடு மூழ்கினான். சாக்கைச் சுருட்டி ஓட்டைக்குள் திணிக்கப் போனவனைத் தண்ணீர் உறிஞ்சியது. சாக்கு போனது, கை போனது, தோள் வரை உள்ளே. மேலே தலை வரவில்லை. எட்டுப் பேர் கயிற்றை இழுத்தார்கள், அவன் அசையவில்லை. இன்னும் இழுத்தால் தோள் கழன்றுவிடும்.

எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கை. ஐந்து விரலும் தெரிந்தது. எதையாவது பிடிக்க முடியுமா என்று துழாவியது.

நான் என்ன செய்தேன் என்றால், பிடித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். மலச்சிக்கலில் முக்குகிற மாதிரி, பிரசவத்தில் முக்குகிற மாதிரி, இடது விலாவை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கி, அந்தக் குளிர்ந்த நூலின் மேல் என் உடம்பு முழுவதையும் மூடினேன். இரண்டாவது எலும்பு முறிந்தது. மூன்றாவது முறிந்தது. விடவில்லை.

"அண்ணே, ஊத்து நின்னுருச்சு!" கீழேயிருந்து மேடத்தின் குரல். "நின்னே போச்சு!"

உறிஞ்சுகிற இழுப்பு நின்றதும் காளிராசின் தலை மேலே வந்தது. மூச்சு வாங்கினான். கை மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அவனைச் சுற்றி மூட்டையை அடுக்கினார்கள். கலிங்கில் மூட்டை குறையக் குறைய அங்கே தண்ணீர் வழிந்து, அணை இறங்கிக்கொண்டே வந்தது. நான் மூச்சைத் துளித்துளியாக விட்டு, துளித்துளியாக வாங்கினேன். மத்தியானம் முழுக்க.

"மாப்ள" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல். "கை செத்துப்போச்சு."

மேலே ஏறி வந்திருந்த மேடத்தைப் பார்த்தேன். விடலாம் என்று தலையை அசைத்தார். மெல்ல, மிக மெல்ல, விலாவைத் தளர்த்தினேன். கை வெளியே வந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து, நீலமாக. அவன் கையை எடுத்த இடத்தில் கடைசி மூட்டையை வைத்தார்கள். நான் மயங்கினேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று எலும்பு முறிவு என்று படம் எடுத்துக் காட்டினார்கள். வெளியே ஒரு கன்றல்கூட இல்லை. விசாரணையில் மேடம் நேர்மையாகச் சொன்னார்: "கருவி உள்ளே வருவதை மட்டும்தான் பதியும். இவர் அனுப்பியதாகச் சொல்வதற்குப் பதிவு இல்லை." காளிராசைக் கேட்டார்கள். "உள்ள மண்ணு சரிஞ்சு அடைச்சுக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றான். கரையை வெட்டியதற்கு எட்டு மாதம் சிறையில் இருந்து வந்தான். மணல் மூட்டைக்காக எனக்கு மூன்று வருஷம் பதவி உயர்வு நிறுத்தம். தோளில் இருந்த சில்லை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் அவன் நம்பாதவன், நான் அளந்துவிடுகிறவன். பண்டிகைக்குப் பண்டிகை ஒரே இலையில் இதே சண்டைதான்.

போன மாதம் நவமணி மேடம் வீட்டுக்கு வந்தார். இப்போது பெரிய அதிகாரி, கண்ணாடி போட்டிருக்கிறார். காளிராசும் அன்று வந்திருந்தான். முத்துப்பேச்சி சுட்ட பணியாரத்தில் ஏழாவதைத் தின்றுகொண்டிருந்தான்.

"அந்தச் சில்லைத் திரும்பவும் கொண்டு வர்றாங்க அண்ணே" என்றார் மேடம். "நாப்பது மண் அணை. நாப்பது ஆள். நூலெல்லாம் தயார். நான் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை ஆரம்பிச்சிருவாங்க."

"என்ன கேள்வி?"

"ஒருவழிதானா, இருவழியான்னு. ஒருவழின்னா ஆளுக்குத்தான் வலி, கரைக்குப் பாதகமில்ல. இருவழின்னா?" பணியாரத் தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த ஆளுக்கு வலிப்பு வந்தா? மாரடைப்பு வந்தா? அந்த நேரம் கரை என்ன செய்யும்? கீழ ஊர் இருக்கும். இருவழின்னு ஒரே ஒரு சாட்சி இருந்தாப் போதும், திட்டத்தையே நிறுத்திடுவேன்."

"நான் சொல்றனே மேடம்! மூணு கோடி கன அடி..."

"நீங்க சொன்னதைத்தான் அண்ணே பதினெட்டு வருஷமா கேக்கறேன். மேலிடத்துல சிரிக்கிறாங்க." மேடம் என் மச்சான் பக்கம் திரும்பினார். "உள்ள கை வெச்சிருந்தது இவர் ஒருத்தர்தான்."

காளிராசு பணியாரத்தை மென்று முடித்தான். வேட்டியில் கையைத் துடைத்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணு சரிஞ்சா பாரமா இருக்கும்" என்றான். "எனக்குத் தெரியாதா, கெணறு வெட்டுனவன் நான். பாரம் அப்படியே கெடக்கும். அது கெடக்கல. இறுக்குச்சு, விட்டுச்சு, இறுக்குச்சு. நீ மூச்சு வாங்கறப்ப ஒரு நூல் தளரும், திரும்பப் பிடிக்கும். கரை மேல நீ இருமுனப்ப உள்ள என் கையைப் போட்டு உலுக்குச்சு. வெதுவெதுன்னு இருந்துச்சு மாப்ள. கார்த்திகைத் தண்ணிக்குள்ள வெதுவெதுன்னு."

"அப்ப ஏன் இத்தனை வருஷம்?" என்றாள் முத்துப்பேச்சி. "ஏண்ணே?"

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"மண்ணைக் குத்துனேன்னு எட்டு மாசம் உள்ள இருந்தேன். அது சரி, குத்துனேன், இருந்தேன். இவன் சொல்றது நெசம்னா நான் குத்துனது மண்ணை இல்லையே. என் தங்கச்சி புருஷன் கத்தக் கத்த, சிரிச்சுக்கிட்டே குத்தியிருக்கேன். அதை எங்க கொண்டு வைக்கிறது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும். திறந்தேன். அதில் ஒரு பணியாரத்தைப் போட்டுக்கொண்டு, தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

மேடம் பேனாவைத் திறந்தார். "எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க" என்றான் காளிராசு. "என் பேரைப் போட்டே எழுதுங்க. நடந்துச்சு."